மரியாதைக்காரருக்கு ஒரு ஊர்

என் புருஷனை நுரையீரல் கொல்லும் என்று டாக்டர் சொன்னார். எனக்கென்னவோ அதற்கு முன்னால் மரியாதை கொன்றுவிடும் என்றுதான் தோன்றியது.

குத்ரத் தெஹ்ரானில் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அந்தப் புகையெல்லாம் சேர்ந்து இப்போது அவர் நெஞ்சுக்குள் குடித்தனம் நடத்துகிறது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் நின்றுவிடுவார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாதாம், சட்டைப் பையில் எதையோ தேடுவது போலப் பாவனை செய்வார். கீழேயிருந்து யாராவது ஏறி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நீங்க முதல்ல போங்க, தயவு செஞ்சு" என்பார். வந்தவன், "ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க" என்பான். இரண்டு பேரும் அங்கேயே நின்று மல்லுக்கட்டுவார்கள். மேலே நான் சமைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

என் பெயர் மஹ்லகா. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். எதிரே லாரி வரும்போது "தயவு செஞ்சு" என்று ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் ஆள் முடிந்துவிடும். அதனால் எனக்குப் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவர் என்னை "நீங்க" என்பார், அம்மணி என்கிற மாதிரி மரியாதையாகக் "கானும்" என்பார், நான் அவரை "நீ" என்பேன். தெருவில் இது பெரிய பேச்சு. பேசட்டும்.

"குளிர் வர்றதுக்குள்ள இவர இந்த ஊர விட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க கானும்" என்று டாக்டர் சொன்னார். "சின்ன ஊரா, மலைக்காத்து வர்ற இடமாப் பாருங்க. இன்னொரு தெஹ்ரான் குளிர இந்த நெஞ்சு தாங்காது."

குளிர் வந்தால் தெஹ்ரான் மேல் புகை மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். எதிரே இருக்கிற மலையே காணாமல் போகும். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விடுவார்கள். அப்போது கோடைக்காலம் பாதி கழிந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். குளிர் வருவதற்குள் ஒரு ஊரைக் கண்டுபிடித்தே தீருவது. அமைதியான ஊர், அழகான ஊர், குத்ரத் மூச்சு விடக்கூடிய ஊர். கிடைக்கவில்லையென்றால் நானே ஒன்றைக் கட்டுவேன் என்ற அளவுக்கு எனக்கு வெறி.

வகுப்பில்லாத நாளெல்லாம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கற்றுத் தருகிற கார் என்பதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கேதான் குத்ரத் உட்காருவார். எதிரே ஒரு வண்டி வந்தால் போதும், அவருக்கு வழி விட்டாக வேண்டும். நான் ஆக்சிலேட்டரை மிதிக்க, அவர் பிரேக்கை மிதிப்பார்.

"கால எடு குத்ரத்!"

"பாவம் கானும், அவருக்கு என்ன அவசரமோ."

"அவன் டிராக்டர்ல மூலாம்பழம் ஏத்திட்டுப் போறான்! என்ன அவசரம் அவனுக்கு? பழம் குட்டி போடப் போகுதா?"

முதலில் கடற்கரைப் பக்கம் போனோம். வடக்கே, எல்லாரும் ஆசைப்படுகிற இடம். பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம், குத்ரத்துக்கு இருமல் நிற்கவே இல்லை. போதாததற்கு வெள்ளிக்கிழமையானால் பாதித் தெஹ்ரான் அங்கே வந்து இறங்கி வீட்டுக்கு வீடு கபாப் சுடுகிறது. ஊரை விட்டு ஓடி வந்தால் ஊரே பின்னால் ஓடி வருகிறது. பிறகு பாலைவனத்தை ஒட்டி ஒரு ஊர். மண் வீடுகள், குவிமாடக் கூரைகள், நிலா மாதிரி அமைதி. மத்தியானம் தூசிக்காற்று அடித்தது பாருங்கள், என் வாய்க்குள்ளேயே ஒரு வீடு கட்டலாம். இன்னொரு ஊர் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. ரோஜாத் தோட்டங்கள், சிரித்த முகமாக மனிதர்கள். திரும்பும்போது குன்றைச் சுற்றி வந்தால் அந்தப் பக்கம் வரிசையாகச் செங்கல் சூளை. தரகன் எங்களைக் குன்றுக்கு இந்தப் பக்கமாகவே கூட்டிப் போயிருக்கிறான், திருட்டுப் பயல்.

"பரவாயில்ல கானும், நம்ம வீடே நல்லாத்தான் இருக்கு" என்றார் குத்ரத்.

"நீ பேசாத. நீ பேசினா மூச்சு செலவாகுது."

என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு நர்ஸ்தான் சங்காப் என்கிற ஊரைப் பற்றிச் சொன்னாள். அவள் அம்மாவின் ஊர். இஸ்பஹானுக்கு அப்பால், மலையடிவாரத்தில். "ஆனா அங்க ஒண்ணுமே கிடையாது கானும். ஒரு சினிமாக் கொட்டகை இல்ல, ஒரு நல்ல கடைத்தெரு இல்ல. போன வருஷம் ஒருத்தர் அங்க காபிக் கடை வெச்சாரு, ஆள் வராம மூடிட்டாரு."

"ஒண்ணுமே கிடையாதா?"

"ஒண்ணுமே."

"கிளட்ச விடு. வீட்டுக்குப் போ. நான் இப்பவே கிளம்பணும்" என்றேன்.

நாங்கள் சங்காப்புக்குப் போனபோது அக்ரோட், அதாவது வால்நட் கொட்டையை, மரத்திலிருந்து உலுக்குகிற பருவம். ஊரில் இருக்கிற ஒவ்வொரு கையும் பச்சைத் தோல் சாறு பட்டுக் கறுப்பாக இருந்தது. குழந்தைகள் கை, மணப்பெண் கை, ரொட்டி சுடுகிறவர் கை எல்லாம் ஒரே கறுப்பு. ஒரே ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் மரங்கள், மரத்தடியில் வாய்க்காலில் தண்ணீர் சத்தம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் என் காது 'ங்' என்றது. முப்பது வருஷமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த நெடுஞ்சாலை அன்றைக்குத்தான் நின்றது.

தெருமுனையில் ஆணி, பூட்டு, குழாய் விற்கிற கடை. அதன் முதலாளி ஹாஜி சைஃபுல்லா. கனமான ஆள், கனிந்த முகம். கை கறுப்பாக இருந்ததால் குத்ரத்திடம் மணிக்கட்டை நீட்டினார். குத்ரத் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, உங்கள் நிழல் எங்கள் தலை மேல் இருக்கட்டும், உங்கள் காலடி எங்கள் கண் மேல் படட்டும். குத்ரத்துக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டார்.

ஹாஜியின் தம்பி பிள்ளைகளோடு நகரத்துக்குப் போய்விட்டதால் அவர் வீடு காலியாகக் கிடந்தது. ஒத்திக்குக் கொடுக்கிற பொறுப்பு ஹாஜியுடையது. கடையைச் சாத்திவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கீழ் வீடு, ஏறப் படியே இல்லை. முற்றத்தில் பெரிய அக்ரோட் மரம், கீழே மரக்கட்டில், கட்டில் மேல் ஜமுக்காளம். இரண்டு அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாக உள்ளே வந்து நிற்கிறது.

ஹாஜி பக்கத்து வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்தார். குத்ரத் வேண்டாமென்றார். ஹாஜி நீட்டினார், குத்ரத் நெஞ்சில் கை வைத்து வேண்டாமென்றார். மூன்றாவது முறை நீட்டியபோதுதான் வாங்கிக்கொண்டார். அதுதானே முறை. முதல் தடவையே வாங்கினால் காணாததைக் கண்டவன் என்று ஆகிவிடும். நான் முதல் தடவையே எடுத்துக் குடித்துவிட்டேன். ஹாஜி ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரித்துவிட்டார்.

நானும் ஹாஜியும் குழாய், கூரை, அடுப்பு என்று பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தால் குத்ரத் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்! படுத்தால் மூச்சு அடைக்கும் என்று ஒரு வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற மனிதர். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருமலே இல்லை. நான் கட்டிலோரத்தில் நின்று அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீடு எனக்கு வேண்டும், இதற்காக யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவேன் என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

"ஹாஜி, ஒத்திக்கு என்ன சொல்றீங்க?"

"அட, வீட்டையே எடுத்துக்கோங்க கானும். உங்கள விட வீடு பெருசா?"

"ஹாஜி, நான் நிஜமாக் கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். உங்களுக்கு இல்லாத வீடா?"

மூன்றாவது தடவை கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தொகையைச் சொன்னார். நியாயமான தொகை. எங்கள் பணம் தெஹ்ரான் வீட்டுக்காரரிடம் ஒத்தியாகக் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து பத்திரம் எழுத வேண்டியதுதான். "சரி ஹாஜி, முடிஞ்சுது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குத்ரத்தின் குரல் கேட்டது. எழுந்து வந்துவிட்டார் மகராசன்.

"ஹாஜி, எங்களுக்காக வீட்டப் பூட்டி வெக்காதீங்க. நாங்க வர்றதுக்குள்ள வேற நல்ல ஆள் யாராவது வந்தா தாராளமாக் குடுத்துடுங்க."

"அதெப்படி குத்ரத் ஐயா! இது உங்க வீடு!"

"இல்ல இல்ல. எங்களால உங்களுக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது. என் உயிர் மேல ஆணை, குடுத்துடுங்க."

"ஐயோ, ஆணையெல்லாம் எதுக்கு!"

"ஆணை வெச்சுட்டேன் ஹாஜி."

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மூளை இருக்கா? அந்த மனுஷன் நிஜமாவே வேற யாருக்காவது குடுத்துட்டா?"

"அதெல்லாம் யாராவது நிஜமா எடுத்துப்பாங்களா கானும்? பேச்சுக்குச் சொல்றதுதானே. அவருக்குத் தெரியாதா?"

"நாளைக்கு எமன் வந்து நின்னாலும் 'உள்ள வாங்க, தேநீர் குடிக்கிறீங்களா'ன்னுதான் கேப்ப நீ!"

"வந்தவர வாசல்ல நிக்க வெக்க முடியுமா" என்றார் சிரித்துக்கொண்டே. இருமலில்லாமல் சிரித்தார். அதனால் விட்டுவிட்டேன்.

தெஹ்ரான் வீட்டுக்காரர் புதுக் குடித்தனக்காரர் வந்தால்தான் பணம் என்றார். நாளை என்றார், அடுத்த வாரம் என்றார். நான் அவர் கடை வாசலில் போய் நின்று சத்தம் போட்டு ஒருவழியாக வாங்கினேன். ஆனால் அதற்குள் குளிர் முந்திக்கொண்டது. ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம். எதிர் வீட்டு மாடியே மங்கலாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் குத்ரத்தின் உதடு நீலம் பாரித்துப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "மூச்சு எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டார்.

"உங்க தயவுல... ரொம்ப... நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க... வீட்ல எல்லாரும்... சௌக்கியமா?"

"சௌக்கியமாவது! இவர் சொல்றத எழுதாதீங்க டாக்டர்! மூஞ்சியப் பாத்து எழுதுங்க!" என்று கத்தினேன்.

நர்ஸ் ஆக்சிஜன் குழாயை எடுத்து வந்தால், "பக்கத்துப் படுக்கை ஐயாவுக்கு முதல்ல குடுங்கம்மா" என்கிறார். பக்கத்துப் படுக்கை ஐயாவுக்குக் கால் முறிவு! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பயம். இத்தனை மாதமாக நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஊர் ஊராக நான்தான் அலைகிறேன், நான்தான் சண்டை போடுகிறேன். இந்த மனிதர் ஒரு தடவையாவது எனக்கு இது வேண்டும் என்று சொன்னாரா? வேண்டாம், பரவாயில்லை, நீங்கள் முதலில். இதைத் தவிர வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

மூச்சு கொஞ்சம் சீரானதும் அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். "குத்ரத், நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. உனக்கு வாழணும்னு இருக்கா, இல்லையா?"

என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி கானும்" என்றார்.

அவர் கையைத் தட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்து ஹாஜிக்குப் போன் செய்தேன். பணம் கைக்கு வந்துவிட்டது, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் கிளம்பி வருகிறோம், வீடு இருக்கிறதல்லவா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை. பிறகு ஹாஜியின் கனிந்த குரல் கேட்டது. "வாங்க கானும், வாங்க. உங்க வீடுதான். உங்க காலடி எங்க கண் மேல."

அந்த ஒரு நொடியை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனித்தேன்? வீடு காலி செய்து, சாமானை என் தங்கையிடம் போட்டுவிட்டு, மெத்தை, பாத்திரம், ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் காரில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க குத்ரத் ஒரு தடவைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை. எதிரே வந்த எந்த வண்டிக்கும் வழி விடச் சொல்லவில்லை. கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி வந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சங்காப்பில் மரங்கள் மொட்டையாகியிருந்தன. மலை மேல் பனி. தெரு அதே அமைதி. வீட்டு வாசலில் மட்டும் பெரிய வெள்ளைக் கார் ஒன்று நின்றது. முற்றத்தில் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் அளவு நாடாவைப் பிடித்து அக்ரோட் மரத்திலிருந்து சுவர் வரை அளந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "அக்கம்பக்கமா? நான் கியூமர்ஸ். இந்த வீட்ட எடுத்திருக்கேன். தெஹ்ரான்லேருந்து வர்றவங்க தங்கற மாதிரி விடுதி வெக்கப் போறேன். பழைய வீடு, மண் அடுப்பு, மாலையில கொஞ்சம் பாட்டு. இந்த ஊர் அமைதி இருக்கு பாருங்க கானும், அதத்தான் விக்கப் போறேன்!"

"எடுத்திருக்கீங்களா? எப்ப?"

"சாயங்காலம் பத்திரம் எழுதறோம். ஹாஜி வாக்குக் குடுத்துட்டாரு."

அதற்குள் ஹாஜி சைஃபுல்லா தெருவில் மூச்சிரைக்க ஓடி வந்தார். எங்கள் காரைக் கடையிலிருந்தே பார்த்திருக்கிறார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

"ஹாஜி! என்ன இது?"

"கானும், முதல்ல உள்ள வாங்க, ஒரு தேநீர்..."

"தேநீர அப்புறம் பாத்துக்கலாம்! வீடு எங்களுக்குன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். ஆனா குத்ரத் ஐயா தன் உயிர் மேல ஆணை வெச்சாரே கானும், வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு? நான் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன். அவர் விடல. அப்புறம் இத்தன நாளா உங்ககிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல. இந்த இன்ஜினியர் வந்து கேட்டாரு. பெரிய மனுஷன் வெச்ச ஆணைய நான் எப்படி மீறுவேன்?"

"அப்ப போன்ல வாங்கன்னு சொன்னது?"

"வர்றேன்னு சொல்றவங்களப் பாத்து வராதீங்கன்னு எப்படிக் கானும் சொல்றது? அதுவும் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறீங்க. எனக்கு நாக்கு எழல."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டேன். குத்ரத் பேச்சுக்குச் சொன்னதை ஹாஜி நிஜமாக எடுத்துக்கொண்டாராம். ஹாஜி பேச்சுக்குச் சொன்னதை நான் நிஜமாக எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து நிற்கிறேன். என் சத்தம் கேட்டு ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பாதி ஊர் நின்றது.

"இந்த வாக்க மாத்துங்க ஹாஜி."

"முடியாது கானும். குடுத்த வாக்கு குடுத்ததுதான். இன்ஜினியரா விட்டுக் குடுத்தாத்தான் உண்டு." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

நேராகக் கியூமர்ஸ் முன்னால் போய் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு இந்த வீடு வேணும். என் புருஷனுக்கு நெஞ்சு போயிடுச்சு. தெஹ்ரானுக்குத் திரும்பினா செத்துடுவாரு. இந்த மரத்தடியிலதான் ஒரு வருஷத்துல ஒரு தடவ படுத்துத் தூங்கினாரு. நீங்க வேற வீடு பாத்துக்கோங்க. எனக்கு இத விட்டுக் குடுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. இப்படியா ஒரு பெண் வாயைத் திறந்து கேட்பாள்? யாரோ உச்சுக் கொட்டினார்கள். கியூமர்ஸ் சிரிப்பு மாறாமல், "ஐயோ கானும், உங்க வருத்தம் என் வருத்தம். ஆனா ஆர்கிடெக்ட் வந்து பாத்தாச்சு, முன்பணமெல்லாம் குடுத்தாச்சு, ஆள் பேசியாச்சு..." என்று இழுத்தார். வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு. அதைப் பிடித்து நிறுத்த எனக்கு எந்தப் பிரேக்கும் கிடைக்கவில்லை.

அப்போது கூட்டம் விலகியது. குத்ரத் காரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சிலிண்டர், இன்னொரு கை சுவர் மேல். இரண்டடிக்கு ஒரு தடவை நின்றார். நின்ற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருக்கிறவருக்கு வணக்கம் சொன்னார். கியூமர்ஸ் முன்னால் வந்ததும் நெஞ்சில் கை வைத்து, "மன்னிச்சுக்கோங்க... தம்பி. என் வீட்டம்மா... சத்தம் போட்டுட்டாங்க" என்றார்.

ஒரு வயதான, உதடு நீலமான மனிதர் முன்னால் நிற்கிறார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. கியூமர்ஸும் நல்ல வளர்ப்புத்தான். அந்த நேரத்தில் நம்மவர் எவருக்கும் வாயில் வருகிற பேச்சுதான் அவருக்கும் வந்தது. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சொன்னார்.

"என்ன ஐயா, உங்களுக்கு முன்னாடி நான் யாரு? இது உங்க வீடு. உங்களுக்கே குடுத்தேன். எடுத்துக்கோங்க."

கூட்டத்தில் எல்லார் தோளும் தளர்ந்தது. முறைப்படி பேச்சு நடந்தாகிவிட்டது. இனி பதில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். "இல்லை தம்பி, உங்களுக்கே நல்லபடியா அமையட்டும்" என்று பெரியவர் சொல்வார். கியூமர்ஸ் இன்னொரு தடவை வற்புறுத்துவார். பெரியவர் இன்னொரு தடவை மறுப்பார். பிறகு எல்லாரும் தேநீர் குடிப்பார்கள். நாங்கள் மெத்தையோடு திரும்பிப் போவோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். குத்ரத் சொல்லப் போவதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ரொம்ப நன்றி... தம்பி" என்றார் குத்ரத். "எடுத்துக்கறேன்."

கண்ணைத் திறந்தேன். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. கியூமர்ஸ் லேசாகச் சிரித்துப் பார்த்தார். "ஐயா, பெரிய மனசு உங்களுக்கு. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"குடுத்தேன்னு சொன்னீங்க. எனக்கு... வேணும். எடுத்துக்கறேன்."

குத்ரத்தின் முகம் காதுவரை சிவந்து போயிருந்தது. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக, நீட்டியதை முதல் நீட்டலிலேயே வாங்கிவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "கடவுளே, என்ன மனுஷன்!" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமலா இருக்கும்?

ஹாஜி சைஃபுல்லா தொண்டையைச் செருமினார். "இன்ஜினியர், நீங்க குடுத்துட்டீங்க. ஊரே கேட்டுச்சு. உங்க முன்பணம் சாயங்காலத்துக்குள்ள உங்க கைல இருக்கும்."

"ஹாஜி, அது சும்மா ஒரு..."

"சும்மாவா?" ஹாஜியின் குரலில் கனிவைக் காணோம். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மனுஷன் முன்னாடி சும்மா சொன்னீங்களா?"

கியூமர்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். சும்மாதான் சொன்னேன் என்று ஊர் முன்னால் சொல்ல எந்த மானமுள்ளவனுக்கும் வாய் வராது. நாடாவைச் சுருட்டினார். சுருட்டி முடித்து, குத்ரத்துக்கு முன்னால் வந்து, "நல்லபடியா இருங்க ஐயா" என்றார். அதைச் சொல்வதற்குள் அவர் முகம் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கெட்டவர் இல்லை. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் பாவமாக இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு குத்ரத் கட்டிலில் உட்கார்ந்தார். இல்லை, விழுந்தார். குழாயை மூக்கில் மாட்டிவிட்டேன். கை சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"கேவலமாப் போச்சு கானும்" என்றார். "அந்தப் பையன் முகத்தப் பாத்தீங்களா? ஊர்ல என்ன நினைப்பாங்க என்னப் பத்தி?"

"என்ன வேணா நினைக்கட்டும்."

"காணாததக் கண்டவன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீ ஏன் வாங்கின? அதச் சொல்லு எனக்கு."

அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது, வந்தாலும் 'உங்க சௌகரியம்' என்றுதான் வரும் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரியில கேட்டீங்களே, வாழணும்னு இருக்கான்னு" என்றார். "இருக்கு. ரொம்ப இருக்கு கானும். கேக்கத்தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஓவென்று அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெத்தையை இறக்கக் காருக்குப் போனேன்.